டானி ஹாத்தவேக்காக ஒரு மாலை: ரசிகர்கள் கூடி இசை கேட்பதற்கான வழிகாட்டி

மறைந்த இசைக்கலைஞரை நினைவுகூர ரசிகர்கள் கூடினால் வழக்கமாக என்ன நடக்கும்? எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று ஒலிக்கும். நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். பாட்டு முடிவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான டானி ஹாத்தவேயை அப்படி நினைவுகூர எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய ஆல்பங்களில் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது 1972 பிப்ரவரியில் வெளிவந்த 'லைவ்', மேடைக் கச்சேரிகளின் நேரடிப் பதிவு. அதில் ரசிகர்களின் குரலும் கைத்தட்டலும் இசையின் ஓர் அங்கமாகவே பதிவாகியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தை நீக்கிவிட்டால் ஆல்பமே இல்லை. எனவே அவருக்காகக் கூடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தைப் போல, பதில் கொடுக்கிறவர்களாக இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான்.

நான் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன். தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கரின் சோல் இசைக்குள்ளும், ஜாஸுக்குள்ளும், இவர் வழியாக என்னை அழைத்துப்போனது அந்தப் பழக்கம்தான். அதை மனத்தில் வைத்து இதைப் படியுங்கள்.

நாளும் ஆட்களும்

இரண்டு தேதிகள் உண்டு. 1945 அக்டோபர் 1-இல் சிகாகோவில் பிறந்தார். 1979 ஜனவரி 13-இல் நியூயார்க்கில் இறந்தார். அப்போது வயது 33. பிறந்த நாளையே தேர்ந்தெடுங்கள். இறந்த நாளில் கூடினால் வருகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். அதன்பின் 'லைவ்' ஆல்பத்தின் 'த கெட்டோ' பாட்டு ஒலிக்கும்போது கைதட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

எட்டுப் பேருக்குக் குறையாமல், பதினைந்து பேருக்கு மிகாமல் அழையுங்கள். மூன்று நான்கு பேர் மட்டும் என்றால் வாய்விட்டுப் பாட கூச்சம் வந்துவிடும். இருபதைத் தாண்டினால் பின்வரிசை தனியாகப் பேசத் தொடங்கிவிடும். அழைக்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது அவரை இதுவரை கேட்காதவர்களாக இருக்கட்டும். பழைய ரசிகர்கள் மட்டும் கூடினால் யாருக்கு அதிகம் தெரியும் என்ற போட்டியில் மாலை முடிந்துவிடும். டானி ஹாத்தவேயா, யார் அது என்று கேட்பவரிடம் 'திஸ் கிறிஸ்துமஸ்' பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். 1970-இல் அவர் பதிவுசெய்த பாட்டு. பெயர் தெரியாமலே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம்.

அறை, ஒலி

அலைபேசியின் ஸ்பீக்கர் 'லைவ்' ஆல்பத்துக்குப் பெரும் அநீதி இழைக்கும். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கிதாரின் மிகக் கனமான தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியைக் கையடக்க ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. வில்லி வீக்ஸின் பாஸ் கேட்கவில்லை என்றால் இந்தப் பதிவின் முதுகெலும்பே போனது போல. தனித்தனியாக இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வையுங்கள்; சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், கனமான ஒலிகள் அங்கே கலங்கிப்போகும். பாஸைக் கூட்டிக்காட்டும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும் என்ற அளவுக்கு ஒலி இருக்கட்டும்.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தால்தான் கை தானாகத் தட்டும்.

இசைத்தட்டா, இணைய ஒலிபரப்பா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இணையம் வழியாகக் கேட்பதானால் பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை மட்டும் மறக்காமல் அணையுங்கள். நான்காவது பாட்டுக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். தட்டில் அந்த இடத்தில்தான் பக்கம் முடிகிறது. முதல் பக்கம் ஹாலிவுட்டின் ட்ரூபடோரில் பதிவானது. இரண்டாம் பக்கம் நியூயார்க்கின் பிட்டர் எண்டில். இரண்டுமே சிறிய அரங்குகள், ஆனால் கூட்டம் வேறு, முதன்மை கிதார் வாசிப்பவரும் வேறு. இடையில் நிறுத்தாமல் ஓடவிட்டால் ஊர் மாறியதே தெரியாமல் போகும்.

இசைக்கு முன் சொல்ல வேண்டியவை

ஐந்து நிமிடம் போதும். செயின்ட் லூயிஸ் நகரில் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை அவர். பாட்டி காஸ்பெல் எனும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களைப் பாடுபவர். மூன்று வயதிலேயே பேரனும் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார். பிறகு வாஷிங்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். பாடகி ராபர்டா ஃப்ளாக்கின் நட்பு அங்கேதான் கிடைத்தது. பட்டம் பெறாமலே வெளியேறி, சிகாகோவில் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டின் கர்டம் இசைத்தட்டு நிறுவனத்தில் பிறருடைய பாடல்களுக்கு இசைக்கோப்பு செய்தார். பாடகராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியை அழுத்திச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் என்ன வேலை என்று தெரிந்தவர் அவர். மேடையில் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததும் அதனால்தான்.

மரணத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு வாக்கியத்தில். அவருக்குக் கடுமையான ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், இருந்தது; பல ஆண்டுகள் அதனுடன் போராடினார்; அவர் மரணம் தற்கொலை என்று பதிவானது. இதை முன்னதாகவே சொல்லாவிட்டால் இடைவேளையில் யாராவது அலைபேசியில் தேடிப் படித்து, அதையே மாலை முழுதும் பேசிக்கொண்டிருப்பார்கள். அழைத்தவர்களில் வீட்டில் அப்படியொரு இழப்பைச் சந்தித்தவர் இருந்தால், முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவர் நிதானமாக முடிவு செய்யட்டும்.

ஒவ்வொரு பாட்டிலும் அந்த மரணத்தின் சாயலைத் தேடும் வழக்கம் ரசிகர்களிடம் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. 1973-இல் வந்த 'சம்டே வீல் ஆல் பி ஃப்ரீ' பாட்டைத்தான் அதற்கு முதலில் இழுப்பார்கள். அதன் வரிகள் டானி எழுதியவை அல்ல. எட்வர்ட் ஹாவர்ட், தன் நண்பர் டானி படும் வேதனையைப் பார்த்து, அவருக்குத் தெம்பு கொடுக்க எழுதியவை. ஒரு நண்பர் எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் மனம் உருகிப் பாடியிருக்கிறார். அப்படியே கேளுங்கள்.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். அதில் பாடல் வரிகள் வேண்டாம். 'லைவ்' ஆல்பத்தில் வாசித்தவர்களின் பெயர்கள் மட்டும். பாஸ்: வில்லி வீக்ஸ். டிரம்ஸ்: ஃபிரெட் வைட். காங்கா (கையால் தட்டும் உயரமான முரசு): எர்ல் டெரூவன். கிதார்: இரண்டு ஊரிலும் மைக் ஹாவர்ட், ஹாலிவுட்டில் ஃபில் அப்சர்ச், நியூயார்க்கில் கார்னெல் டுப்ரீ. மின் பியானோவும் குரலும் டானி. ஃபிரெட் வைட்டின் பெயருக்கு எதிரே 16 என்று அவர் வயதை எழுதி வையுங்கள். பின்னாளில் அண்ணன்மாரோடு எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவில் வாசித்தவர் அவர்தான். பதினாறு வயதுப் பையன் அந்தப் பாட்டுகளைத் தாங்கி நிற்கிறான் என்று தெரிந்தால் அறையே டிரம்ஸைக் கவனிக்கத் தொடங்கும்.

கேட்கும் வரிசை

முதலில் 1971-இல் ஸ்டூடியோவில் பதிவான 'எ சாங் ஃபார் யூ'. அவருடைய குரலும் பியானோவும் எவ்வளவு நெருக்கமானவை என்பது புதியவர்களுக்கு அதிலேயே புரிந்துவிடும். அது முடிந்ததும் பேச்சில்லாமல் 'லைவ்' முதல் பக்கத்துக்குப் போங்கள்.

இரண்டாவது பாட்டான 'த கெட்டோ' பன்னிரண்டு நிமிடம். சொற்கள் மிகக் குறைவு. மின் பியானோவில் அவர் நீண்ட நேரம் உலாவுகிறார்; ஜாஸ் ரசிகர்கள் இவரைத் தங்களவர் என்று உரிமை கொண்டாடுவது இந்த நிமிடங்களுக்காகத்தான். பிறகு காங்காவும் கைத்தட்டலும் முன்னுக்கு வருகின்றன. பதிவில் கூட்டம் தட்டுகிற இடத்தில் நீங்கள் முதலில் தட்டுங்கள். நடத்துகிறவர் தட்டாவிட்டால் வேறு யாரும் தட்டமாட்டார்கள். தாளம் பிடிபடாமல் திணறுகிறவரைத் திருத்தாதீர்கள். பன்னிரண்டு நிமிடத்தில் அவரே பிடித்துக்கொள்வார்.

இனி நான்காவது பாட்டு, 'யூவ் காட் எ ஃபிரெண்ட்'. இந்த மாலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரோல் கிங் எழுதிய பாட்டு. இந்தக் கச்சேரி நடந்த 1971-இல்தான் அது வெளிவந்திருந்தது. டானியும் ராபர்டா ஃப்ளாக்கும் சேர்ந்து பாடிய வடிவமும் அதே ஆண்டு வந்துவிட்டது. ஆகவே அவர் தொடங்கியதுமே கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கூச்சலைக் கேளுங்கள். அடுத்து பல்லவி வருகிறது. கூட்டம் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறது, அவர் விட்டுக்கொடுக்கிறார். தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை. சபை பாடத் தொடங்கிவிட்டால், வாசிப்பவர் மெட்டை வாசிப்பதை விட்டுவிட்டுக் கீழே சுரங்களை மட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேலே ஒரு சின்ன அலங்காரம் போட்டாலும் சபையின் குரல் தயங்கிவிடும். நல்ல குரல் வளம் உள்ளவருக்கு அப்படி அடங்கி நிற்பது எளிதே இல்லை. டானியின் குரல்வளத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளவர்கள்கூட அந்த இடத்தில் அடங்கமாட்டார்கள். அவர் அடங்குகிறார். சம்பளம் வாங்காத, ஒத்திகை பார்க்காத, பெயர் தெரியாத அந்த மக்கள் பாடியது ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அப்படியே கேட்கிறது.

இந்தப் பல்லவியில் உங்கள் வட்டமும் சேர்ந்து பாட வேண்டும். யாரையும் வற்புறுத்தத் தேவையில்லை. கூச்சமில்லாத ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

இங்கே இடைவேளை. இருபது நிமிடம் தாராளமாக விடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் முதல் மூன்று பாட்டுகளைப் பற்றி முன்னுரை எதுவும் வேண்டாம். கடைசிப் பாட்டான 'வாய்சஸ் இன்சைட்' தொடங்கும்முன் தாளை எடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பதினான்கு நிமிடம். டானி வாசிப்பவர்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைத்து, தனியாக வாசிக்க இடம் தருகிறார். பெயர் காதில் விழும்போது தாளில் விரல் வைத்துப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. கடைசியில் வில்லி வீக்ஸின் முறை. நிதானமாகத் தொடங்குகிறார், அவசரமே இல்லை. போகப் போகக் கூட்டம் கத்தத் தொடங்குகிறது. பாஸ் கற்பவர்கள் இன்றும் இதைச் சுரம் சுரமாகப் பாடம் செய்கிறார்கள். இந்த நேரத்தில் யாரும் பேசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கத்தினால் விட்டுவிடுங்கள்.

பேச்சு

"மாபெரும் கலைஞர்", "ஈடு இணையற்ற குரல்" என்று தொடங்கினால் மூன்றாவது ஆளிடமே பேச்சு வற்றிவிடும். எல்லோரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்று கேட்டதில் எந்த ஓர் இடத்தைத் திரும்பக் கேட்க விரும்புகிறீர்கள்? முதன்முறை கேட்டவர்கள் முதலில் பேசட்டும், பழுத்த ரசிகர்கள் கடைசியில். ஒருவர் குறிப்பிட்ட இடத்தை உடனே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். காங்காவின் பெயர் தெரியாமல் "அந்த உருண்டையான சத்தம்" என்று ஒருவர் சொன்னால், மகிழ்ச்சியோடு அதைத் தேடிப் போடுங்கள்.

ராபர்டா ஃப்ளாக்கும் 2025 பிப்ரவரி 24-இல் மறைந்துவிட்டார். அவருக்காக ஒரு பாட்டாவது சேர்க்க வேண்டும். இருவருக்கும் கிராமி விருது பெற்றுத் தந்த 'வேர் இஸ் த லவ்' பொருத்தமானது. சின்னப் பாட்டு, பேச்சுக்கு நடுவே வைக்கலாம். ஸ்டூடியோவில் டானி எவ்வளவு தூரம் போனார் என்று காட்ட விரும்பினால் 1973-இல் வந்த 'எக்ஸ்டென்ஷன் ஆஃப் எ மேன்' ஆல்பத்தின் தொடக்கத்தைப் போடுங்கள். முழு ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதிய இசை அது.

டானியின் மகளும் பாடகியுமான லேலா ஹாத்தவேயை விட்டுவிடக் கூடாது. தந்தை இறந்தபோது அவருக்குப் பத்து வயது. 2015-இல் வெளிவந்த தன் நேரடி ஆல்பத்தை அவர் பதிவுசெய்தது அதே ட்ரூபடோரில். தந்தையின் 'லிட்டில் கெட்டோ பாய்' அதில் இருக்கிறது. அதற்குக் கிராமியும் கிடைத்தது. தந்தை பாடியதையும் மகள் பாடியதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எது சிறந்தது என்ற கேள்வியை மட்டும் எழுப்பாதீர்கள். எழுந்தால் அடுத்த பாட்டைப் போட்டுவிடுங்கள்.

யாராவது கீபோர்டு கொண்டுவந்திருந்தால் மாலையை முடிக்கும் பாட்டை நீங்களே வாசித்துப் பாடலாம். அவருடைய குரல் வளைவுகளைப் போலச் செய்ய முயல வேண்டாம். கூட்டத்துக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் வைத்து, பல்லவியை மட்டும் எல்லோருமாகப் பாடுங்கள்.

மறுநாள், அன்று கேட்ட பாடல்களின் வரிசையையும் கலைஞர்களின் பெயர்களையும் வந்தவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த அக்டோபருக்கான முதல் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, புதிதாக வந்தவர்களில் ஒருவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். அவர் அதற்காகவே மற்ற ஆல்பங்களையும் தேடிக் கேட்பார்.