மலைத் தோட்டத்துக்குப் பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டி: பிரித்துச் சரிசெய்யும் வரிசை

பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் என்ஜினைப் பிரிப்பார்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துச் சரிவில் மூட்டை ஏற்றி ஓடப்போகும் வண்டிக்கு இது தலைகீழ் வரிசை. சமதளப் புல்வெளிக்காகச் செய்த வண்டி இது. பெரும்பாலான மாடல்களில் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். அதுவும் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் அணைந்துவிடும். இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஆகவே முதலில் பிரேக், அடுத்து கிளட்ச்சும் பெல்ட்டும், பிறகு பெட்ரோல் பாதை, கடைசியில் என்ஜின்.

பதிவு எண் இல்லாத வண்டி என்பதால் இது தோட்ட எல்லைக்குள் மட்டும்தான். ஏரி சாலைக்கோ லேடீஸ் சீட் சாலைக்கோ கொண்டுபோகாதீர்கள்.

பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முன் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் அடுக்கி நிறுத்தாதீர்கள். பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

பிரேக்

டிரம் துருப்பிடித்துக் கழலாவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் (பிரேக் ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். புது ஷூ கிடைக்காவிட்டால் பழைய ஷூவிலேயே லைனிங் ஒட்டித் தரும் பட்டறையில் கொடுக்கலாம். லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புது லைனிங் போட்டால் அதுவும் வீண். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதும் பயன்படாது. சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி கசியும். டிரம்மில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் இரண்டையும் ஒரே அளவு கடையச் சொல்லுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். நறநறவென்று வந்தால் துரு உள்ளே இறங்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சோதனை இதுதான்: இரண்டு மூட்டை ஏற்றி, தோட்டத்தின் மிகச் செங்குத்தான பாதையில் பார்க்கிங் பிரேக் போடுங்கள். முகம் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் வண்டி அசையக் கூடாது. அடைக்கட்டையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கிளட்ச், பெல்ட்

"ஏற்றத்தில் இழுக்கவில்லை, என்ஜின் போச்சு" என்று கொண்டுவரும் வண்டிகளில் பல உண்மையில் பெல்ட் (இரு கிளட்ச்சுகளுக்கிடையே ஓடி என்ஜின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பட்டை) நழுவும் வண்டிகள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் முதலில் இங்கே பாருங்கள். பெல்ட்டின் பக்கவாட்டு பளபளத்திருந்தாலோ, அகலம் புதியதைவிட 3 மி.மீ. குறைந்திருந்தாலோ மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வி-பெல்ட் நீளத்தில் பொருந்தினாலும் போடாதீர்கள். அதன் அகலமும் சரிவுக் கோணமும் வேறு. கிளட்ச் தட்டுகள் விரிந்து சுருங்கும்போது அது பிடிக்காது. அந்த மாடலுக்கான பெல்ட்டே வேண்டும்.

என்ஜின் பக்கக் கிளட்ச் கிராங்க் ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். மூன்று கால் புல்லரைத் தட்டின் விளிம்பில் மாட்டி இழுத்தால் தட்டு வளையும். நடுத்துளையில் திருகி இறக்கும் புல்லர் போல்ட் வேண்டும். மரை அளவு கொடுத்தால் சேலத்து லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். உள்ளே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கிரீஸ் தடவாதீர்கள். செம்மண் தூசி அதில் ஒட்டி, நகரும் தட்டு சிக்கிக்கொள்ளும். அப்போதுதான் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும்.

பெட்ரோல் பாதை, என்ஜின்

இப்போதைய இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக முழுவதையும் மாற்றுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பாதி காலியான டேங்க் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். பெட்ரோல் பம்ப் என்ஜின் உள்ளழுத்தத் துடிப்பில் இயங்குவது. அதன் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைத்தாலும், துடிப்பு வரும் ஹோஸ் வெடித்தாலும் ஏற்றத்தில் என்ஜின் திணறும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டைக் கம்பி விட்டுக் குடையாதீர்கள். கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

என்ஜினைத் திறக்குமுன் மேல் கவசத் தகட்டைக் கழற்றுங்கள். சில்வர் ஓக் சருகும் எலிக்கூடும் குளிர்விக்கும் துடுப்புகளை அடைத்திருக்கும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வால்வு இடைவெளியை என்ஜின் ஆறியபின் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். கம்ப்ரஷன் கேஜில் குறைவாகக் காட்டினால் உடனே பிஸ்டனைக் கழற்ற வேண்டாம். சில என்ஜின்களில் ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைத் தானே விடும் அமைப்பு உண்டு. சிலிண்டருக்குள் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனைதான் உண்மை சொல்லும். ஆயிலை டிப்ஸ்டிக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் பிரீதர் (என்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியே ஏர் ஃபில்டருக்குப் போய் வெள்ளைப் புகை வரும். அதை ரிங் தேய்ந்த புகை என்று நினைத்து என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

பெடலை மிதித்தால் டிக் என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், சுழற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ எர்த் கேபிளோ சரியில்லை. அவை நன்றாயிருந்தால் சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அடுத்து ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் பிரஷ்.

மாற்றங்கள்

18 அங்குல டயரை 22 அங்குலமாக்கினால் பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் ஏறும் இழுவை 18 சதவீதம் குறையும். மலைக்காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால் என்ஜின் பலமும் அவ்வளவு குறையும். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம். வண்டி உயரமாவதால் பக்கச் சரிவில் கவிழும் அபாயமும் கூடும். தரையைப் பிடிக்கும் கட்டைகள் ஆழமாக உள்ள டயரை அதே அளவில் போடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொடவே வேண்டாம்.

பின்பெட்டியை 25 மி.மீ. சதுரக் குழாயில், முடிந்தவரை தாழ்வாக அமையுங்கள். பெரும்பாலான இரட்டை இருக்கை வண்டிகள் ஆட்களையும் சேர்த்துச் சுமார் 360 கிலோ தாங்கும். இருவர், 50 கிலோ மூட்டை இரண்டு, அதற்குமேல் சரிவில் ஏற்றாதீர்கள். கிளப் கார் நிறுவன வண்டியின் சேஸிஸ் அலுமினியம். அதில் இரும்பை வெல்டிங் செய்ய முடியாது. போல்ட் போட்டு, இடையில் ரப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

மேலே கொண்டுவரும்போதும் பின்பும்

வண்டியை மலைக்கு ஏற்றிவரச் சாதாரண டாட்டா ஏஸ் தொட்டியில் நீளம் போதாது, பிக்கப் பிடியுங்கள். சேலம்-ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடாதபடி சேஸிஸைக் கட்டுங்கள், கூரையை அல்ல. சேலத்தில் சரியாக ஓடிய கார்புரேட்டர் ஏற்காட்டில் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக்கி, சுமையோடு ஒரு நீண்ட ஏற்றம் ஏறி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் இன்னும் ஒரு அளவு இறக்கலாம். வெளிர் பழுப்பு நிறம் சரி. வெளுத்திருந்தால் என்ஜின் அளவுக்குமீறிச் சூடாகிறது; உடனே பழைய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.