பேக்பைப் சுருதி சேரவில்லையா? சீவாளியைக் கொஞ்சம் பாருங்கள்

நாதஸ்வரக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சீவாளி உதட்டிலேயே இருப்பதால் சுரம் நழுவினால் அங்கேயே இழுத்துப் பிடித்துவிடுவார். பேக்பைப்பில் ரீட் (அதன் சீவாளி), விரல் வைத்து வாசிக்கும் துளைக்குழலான சாண்டரின் தலையில் செருகப்பட்டு, பையில் கட்டிய மரக்குழலுக்குள் ஒளிந்திருக்கும். வாசிக்கும்போது தொடவே முடியாது, அதனால் எல்லா வேலையையும் முன்பே முடித்தாக வேண்டும். சேலத்தில் எங்கள் பேண்டுக்கு வரும் புதுப் பையன்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மேல் ஏ சேரவே மாட்டேங்குது." மேல் ஏ என்பது சாண்டரின் உச்சச் சுரம், கீழ் ஏ-க்கு ஒரு ஸ்தாயி மேலே. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரீட்டைக் கழற்றி, நூல்கட்டு வரை வாய்க்குள் வைத்து ஊதுங்கள். காக்கை கரைவது போல 'கர்ர்' என்று தடித்த சத்தம் வந்தால் நல்லது. வெறும் கீச்சுச் சத்தம்தான் வருகிறதென்றால் ரீட்டின் இதழ் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ரீட் காய்ந்து சருகாகிவிடும், நாக்கால் லேசாக நனைத்து ஐந்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊதவே கனமாக இருக்கிறதா? நனைத்த ரீட்டின் தட்டையான இரண்டு முகங்களையும் நூல்கட்டுக்குச் சற்று மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக ஒருமுறை அழுத்தி, ஊதிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மறுபடி அழுத்துங்கள். ரொம்ப லேசாகிவிட்டால் பக்கவாட்டு ஓரங்களை அழுத்த, ரீட்டின் வாய் திறந்துகொள்ளும். அவசரப்பட்டுக் குறடு வைத்து அழுத்தி ஒரு புது ரீட்டை இரண்டாகப் பிளந்தவன் நான், விரல் போதும்.

அப்புறம்தான் சுருதி. ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழல்களான டிரோன்களை அடைத்துவிட்டு, பத்து நிமிடம் வாசித்து ரீட்டைச் சூடாக்குங்கள், குளிர்ந்த ரீட்டில் சுருதி சேர்ப்பது வீண். பையின் அழுத்தம் ஒரே சீராக இருக்கட்டும், அழுத்தம் கூடினால் சுருதியும் ஏறி உங்களை ஏமாற்றும். இன்றைய சாண்டர்களில் கீழ் ஏ 480 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அதாவது ஏ-யை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்த டியூனரில் (சுருதி காட்டும் கருவி) பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் முள் நிற்கும். பெயர் ஏ, காட்டுவது வேறு, பயந்துவிடாதீர்கள்.

இப்போது கீழ் ஏ, மேல் ஏ இரண்டையும் ஒப்பிடுங்கள். மேல் ஏ இறங்கியிருந்தால் ரீட்டின் அடியில் சுற்றிய நூலில் ஒரு சுற்று எடுத்துவிட்டு ரீட்டை இன்னும் உள்ளே தள்ளுங்கள். ஏறியிருந்தால் ஒரு சுற்று நூல் கூட்டி வெளியே கொண்டுவாருங்கள். ரீட் உள்ளே போனால் எல்லாச் சுரமும் ஏறும், ஆனால் மேல் சுரங்கள்தான் அதிகம் ஏறும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இரண்டு ஏ-யையும் சேர்க்கிறோம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். பிடிப்பது நூல்கட்டில் இருக்கட்டும், இதழில் கைவைக்கக் கூடாது. ரீட் ஆடக் கூடாது, ஆடினால் காற்று கசிந்து சத்தம் உடையும்.

இரண்டு ஏ-யும் சேர்ந்த பிறகும் நடுவில் ஒரு சுரம் மட்டும் ஏறி நிற்கும். நாதஸ்வரத்தின் அடித்துளைகளில் மெழுகு அடைத்துச் சுருதி பார்க்கிறார்களே, அதே புத்திதான் இங்கே டேப். அந்தத் துளையின் மேல் விளிம்பை டேப்பால் கொஞ்சம் மூடினால் சுரம் இறங்கும். ஏற்றுவதற்கு டேப்பில் வழியில்லை, ஆகவே இறங்கிய சுரம் இருந்தால் ரீட்டை உள்ளே தள்ளி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மற்றவற்றை டேப் போட்டு இறக்குங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை இளகி நகரும், வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்களுக்கு ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வண்டியை விட்டு இறங்கியதுமே வாசிக்கத் தொடங்காதீர்கள். குழலுக்குள் காற்றின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் சுருதி ஏறக்குறைய 3 செண்ட் இறங்கும், ஒரு அரைச்சுரம் 100 செண்ட். மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், ஆனாலும் டிரோனும் சாண்டரும் ஒரே அளவு இறங்காது. சேலத்தில் சேர்த்த இடத்தை ரீட்டின் நூலில் பென்சிலால் குறித்து வைத்திருந்தால், மலையில் எவ்வளவு தள்ளினீர்கள் என்று தெரியும், கீழே வந்ததும் பழைய கோட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.