கேரவன் அவ்னிங்: முழுசாக மாற்றாமல் பழுது பார்ப்பது

கேரவனின் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) பக்கவாட்டில் விரிக்கும் துணிக் கூடாரமான அவ்னிங்கில் ஜிப் போனாலோ கம்பு முறிந்தாலோ பலர் நேராகப் புதிய அவ்னிங்குக்கு விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. கெட்டுப்போவது சின்னச் சின்ன பாகங்கள்தான். அவை தனியாகவும் கிடைக்கும். துணி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். வெயில் அதிகம் படும் கூரைப் பகுதியை இரு கைகளாலும் பிடித்து இழுங்கள். காகிதம் போலக் கிழிந்தால் புற ஊதாக் கதிர் இழையைத் தின்றுவிட்டது. அதில் ஒட்டுப் போடுவது வீண் வேலை. துணி திடமாக இருந்தால் மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியதே.

ஜிப்பில் முதலில் தேய்வது பல் இல்லை, ரன்னர், அதாவது மேலும் கீழும் இழுக்கும் பகுதி. ரன்னர் ஓடிய பிறகும் பின்னால் ஜிப் பிரிந்துகொண்டே வந்தால், ரன்னரின் இரு தட்டுகளுக்கும் இடையிலான இடைவெளி அகன்றுவிட்டது. பிளையரால் அதன் பின்பக்க ஓரங்களை இருபுறமும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் உடைந்துவிடும். இது சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு புது ரன்னர். பழைய ரன்னரின் அடியில் 5, 8, 10 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். எண் மட்டும் பொருந்தினால் போதாது, பல்லின் வகையும் பொருந்த வேண்டும்: சுருள் போன்ற காயில் ஜிப்பின் ரன்னர் தனித்தனிப் பல் கொண்ட பிளாஸ்டிக் ஜிப்பில் ஓடாது.

ஜிப்பின் அடிமுனையில் 3 செ.மீ. தையலைப் பிரித்து, பழையதை உருவி எடுங்கள். புது ரன்னரின் இரண்டு வாய் உள்ள பக்கத்தில் இரு நாடாக்களையும் ஒரே மட்டத்தில் நுழைத்து இழுங்கள். மட்டம் மாறினால் மேலே போகும்போது ஒரு பக்கம் நீண்டு நிற்கும். பிறகு அடிமுனையைக் குறுக்கே நான்கைந்து முறை தைத்துப் பூட்டிவிடுங்கள். மெழுகுவத்தியைப் பல்லின் மேல் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஃபைபர் கிளாஸ் கம்பு பெரும்பாலும் உலோக இணைப்புக் குழாயை ஒட்டியே முறியும். வளையாத குழாயும் வளையும் கம்பும் சந்திக்கும் இடத்தில்தான் பளு குவிகிறது. விறைப்பாகக் கட்டப்பட்ட கயிறும் முழுசாகச் செருகாத மூட்டும் இதை விரைவாக்கும். முகாமிலேயே முறிந்தால், முறிந்த இடத்தின் மேல் 15 செ.மீ. நீளக் குழாய் ஒன்றைச் செருகி, இரு முனையிலும் டேப் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்த பின் அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள். 8.5, 9.5, 11, 12.7 மி.மீ. என விட்டங்கள் உண்டு. அரை மி.மீ. பிசகினாலும் செருகாது, அதனால் அளவு நாடாவை நம்பாமல் வெர்னியரால் (நுண்ணளவு எடுக்கும் கருவி) அளக்கவும்.

கம்பு முனையின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் எலாஸ்டிக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, துண்டுகளை வரிசை மாறாமல் தரையில் பரப்புங்கள். புதுத் துண்டை ஹேக்சாவால் 5 மி.மீ. நீளமாகவே அறுத்து, பொருத்திப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசு தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால், கம்பின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்குப் புதியது வெட்டிக்கொள்ளுங்கள்.

இரும்புக் கம்பு வளைந்தால் நிமிர்த்தலாம், ஆனால் அந்த இடம் பலவீனம்தான். அலுமினியத்தை நிமிர்த்தினால் விரிசல் விடும், மாற்றிவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்கும்போது உள் குழாய், வெளிக் குழாய் இரண்டின் விட்டமும் சொல்ல வேண்டும்.

கிழிசலுக்கு: இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டுத்துணி கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக, மூலைகளை வளைத்து வெட்டியதாக இருக்கட்டும். கூர் மூலையிலிருந்துதான் ஒட்டு உரியத் தொடங்கும். எல் வடிவக் கிழிசலை முதலில் பாலியஸ்டர் நூலால் தைத்து, பிறகு இருபுறமும் ஒட்ட வேண்டும். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் மக்கும். பி.வி.சி. பூச்சுத் துணிக்கு வினைல் பசை, சிலிகான் பூச்சுக்கு சிலிகான் பசை மட்டும். சாதாரண டேப்பே ஒட்டாமல் நழுவினால் அது சிலிகான் பூச்சாக இருக்கும். சூப்பர் குளூ எதற்கும் ஆகாது, கண்ணாடி போல இறுகி மடிப்பில் உடையும். தெளிந்த பி.வி.சி. ஜன்னலில் அசிட்டோன் படவே கூடாது, மங்கிவிடும்.

கேரவனின் பக்கச் சுவரில் உள்ள உலோகத் தடத்தில் செருகும், அவ்னிங்கின் கயிறு வைத்துத் தைத்த விளிம்பு எப்போதும் ஒரே இடத்தில் கிழிந்தால் குற்றவாளி துணி அல்ல, தடத்தின் நுழைவாய். அதன் கூர் முனையை முதலில் அரத்தால் மழுக்குங்கள். இல்லாவிட்டால் புது விளிம்பும் அதே கதிதான். விளிம்பு மீட்டர் கணக்கில் கிடைக்கும். விட்டத்தைத் தடத்தோடு ஒப்பிட்டு வாங்கித் தைக்கலாம்.

கம்புக்குப் பதில் காற்றடித்த குழாய்கள் தாங்கும் அவ்னிங்கில் காற்று இறங்கினால் முதல் சந்தேகம் வால்வின் மேல். அதை இறுக்கி, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். உள்குழாயை உறையிலிருந்து எடுத்துச் சோதித்தால் லேசாக மட்டுமே காற்றடியுங்கள், உறையின் தாங்கல் இல்லாமல் பலூன் போல ஊதி வெடிக்கும். சைக்கிள் பஞ்சர் பசை இதில் ஒட்டாது, பாலியூரித்தேன் பசை வேண்டும்.

சுருட்டு வகை அவ்னிங்கின் உருளைக்குள் இறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் சுழலாமல் தடுக்கும் பூட்டு ஊசி போடாமல் முனை மூடியைக் கழற்றினால் அது சுழன்று கையை முறிக்கும் அளவுக்கு விசை கொண்டது. சுற்றுகளின் எண்ணிக்கையையும் திசையையும் எழுதி வைத்துக்கொண்டு, இருவராகச் செய்ய முடியாவிட்டால் இதை மட்டும் தொழில்முறை ஆளிடம் விடுங்கள்.

கடைசியாக, முளைகளை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள். இவை வருடா வருடம் வெடிக்கும். பழைய சைக்கிள் டியூபை 2 செ.மீ. அகலத்தில் குறுக்காக வெட்டினால் ஒரு டியூபிலிருந்து ஐம்பதுக்கு மேல் கிடைக்கும்.