லாப நோக்கமற்ற ஆய்வு நிதி: நாடுகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

எந்த நாட்டு அறக்கட்டளைகள் ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுக்கின்றன? இதைத் தெரிந்துகொள்ள, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் அட்டவணையில் 'லாப நோக்கமற்ற தனியார்' என்ற தலைப்பை மட்டும் பார்த்து நாடுகளை வரிசைப்படுத்திவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேயே ஆரம்பம்.

1963இல் முதலில் வெளிவந்த ஃப்ரஸ்காட்டி கையேடுதான் இந்தக் கணக்குகளுக்கு அடிப்படை. பணம் கொடுத்தவர் வேறு, ஆராய்ச்சி செய்தவர் வேறு என்று அது இரண்டு பட்டியல் போடச் சொல்கிறது. இரண்டிலும் இதே தலைப்பு வருவதால் குழப்பம். ஜெர்மனியின் ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அது பதிவுபெற்ற சங்கம். ஆனால் பணத்தில் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளுடையது. ஆராய்ச்சி செய்தவர் பட்டியலிலும் அது அரசுப் பக்கமே சேர்கிறது. லாப நோக்கமற்ற தலைப்பில் அது தெரியவில்லை என்பதை வைத்து, ஜெர்மனியில் லாப நோக்கமற்ற ஆய்வு அமைப்புகளே கிடையாது என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம், எல்லை தாண்டும் பணம். அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தரும் மானியம், பிரிட்டன் கணக்கில் லாப நோக்கமற்ற தலைப்பில் வராது; 'வெளிநாடு' என்ற தலைப்பில் போய் உட்காரும்.

பிரிட்டனில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1936இல் தொடங்கிய வெல்கம் போன்ற அறக்கட்டளைகள் ஆய்வின் நேரடிச் செலவைக் கொடுக்கும். கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று வரும் மேல்செலவை முழுதாகக் கொடுப்பதில்லை. அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்ப இங்கிலாந்தில் அரசே பல்கலைக்கழகங்களுக்குத் தனி நிதி தருகிறது. அறக்கட்டளைகள் கொடுத்தால் அரசுக்குச் சுமை குறையும் என்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் மருந்து நிறுவனத்தின் கட்டுப்பாடே ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அறக்கட்டளை தரும் மானியம் ஒரு கணக்கு, நிறுவனம் தன் ஆய்வகத்தில் செய்யும் செலவு வேறு கணக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சட்டம் கேட்டு வாங்கும் பணத்தை நன்கொடையோடு சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெயரை நம்புவதும் ஆபத்து: மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945இல் டாடா அறக்கட்டளை உதவியோடு பிறந்தது உண்மை. இன்றைக்கு அதன் செலவைப் பார்ப்பது மத்திய அரசின் அணுசக்தித் துறை.