விசில் பிடிக்கும் தம்பிகளுக்கு: உங்களிடம் யாராவது குறை சொல்லும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் ஒரு திருவிழாக் கபடியில் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் மூத்த நடுவர் ஒருவர் இளம் அம்பயரை ஓரமாகக் கூட்டிப் போய் ஏதோ சொன்னார். அவர் முடிப்பதற்குள் பையன் கையை ஆட்டி ஆட்டி விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. விதிப்புத்தகம் படிக்காமல் வருவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சொல்லி முடிப்பதற்குள் விளக்கம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். போனஸ் புள்ளி தர வேண்டுமானால் எதிரில் ஆறு பேராவது இருக்க வேண்டும். ரெய்டு வருபவர், அதாவது பாடி வருபவர், போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் நான் கொடுத்த போனஸைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்:

"தம்பி, பின்காலப் பாத்தியா?"

"கார்னர்ல நின்னவன் மறைச்சுட்டாண்ணே. அங்கிருந்து யாருக்குமே தெரியாது."

"சரிப்பா" என்றார். அந்த சீசன் முழுக்க அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் என்னவோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்புறமும் நடுக்கோட்டுப் பக்கமே நின்று, சாய்வாகப் பார்த்து போனஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அரையிறுதியில் ஒரு அணி ஒரே புள்ளியில் வெளியே போனது. யாரோ போனில் எடுத்த வீடியோவில், நான் போனஸ் கொடுத்த ரெய்டில், பின்கால் பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டு போகிறது.

மறைக்கிறது என்று நானே சொன்னேனே, அப்புறம் நகர்ந்து நிற்க என்ன கேடு? பக்கக்கோட்டோரம் இரண்டு எட்டு வைத்து போனஸ் கோட்டுக்கு நேராக நின்றால் இரண்டு காலும் தெரியும். பெரியவர் அதைத்தான் சொல்ல வந்திருப்பார். நான் விட்டால்தானே! இப்போது யார் குறை சொன்னாலும் "எந்த ரெய்டுண்ணே?" என்று மட்டும் கேட்கிறேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது

"நல்லா இருந்துச்சு" என்பார்கள்.

விதியையும் பார்வையையும் குழப்புவது

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டி, இந்தியாவும் ஈரானும் 28-28. லாபி (ஆடுகளத்தின் இரு பக்க ஓரப் பட்டை) விதியில் தகராறு வந்து ஆட்டம் நீண்ட நேரம் நின்றது. பழைய விதியா, புதிய விதியா என்பதுதான் சண்டை. இப்படி வரும் குறைக்கு நிற்கும் இடத்தை மாற்றிப் பயனில்லை. போட்டிக்கு முன்னால் நடுவர்கள் கூடும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கணக்கு நேர் செய்வது

ஒரு அணிக்குச் செய்த தப்பை ஈடுகட்ட அடுத்த அணிக்கும் இன்னொரு தப்பு. வேண்டாம்.

கூச்சலை மொத்தமாகத் தள்ளுவது

"கண்ணு எங்கடா இருக்கு?" என்பதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே மூலையிலிருந்து மூன்று முறை சத்தம் வந்தால் கொஞ்சம் யோசிப்பேன். போன வருடம் இடைவேளையில் அப்படி ஒரு மூலைக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கே சுண்ணாம்புக் கோடு அரை அடிக்கு அழிந்து கிடந்தது. மறுபடி போடச் சொன்னேன்.