பெயிண்ட் அடிக்கும் முன் கதவின் லேபிளைப் பாருங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டன. விடுதியோ மண்டபமோ நடத்துபவர்கள் தீத்தடுப்புக் கதவைத் திறந்து, கீல் பக்க விளிம்பை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிறிய தகடோ லேபிளோ இருக்கும். தயாரித்தவர் பெயர், ஐ.எஸ். 3614 போன்ற இந்தியத் தர எண், 60 அல்லது 120 நிமிடம் என்று தீயைத் தாங்கும் நேரம், எல்லாம் அதில் பார்க்கலாம்.

பெயிண்டர் அவசரத்தில் அதன் மேலேயும் அடித்துவிடுவார். முன்கூட்டியே டேப் ஒட்டச் சொல்லுங்கள். லேபிள் மறைந்தால் கதவு கெட்டுவிடாது. ஆனால் ஆய்வுக்கு வருபவரிடம், இது சோதித்த கதவு என்று எதைக் காட்டுவீர்கள்?

நம் வீட்டு பர்மா தேக்குக் கதவு எத்தனை கனமாக இருந்தாலும், கனத்தை மட்டும் வைத்து அதைத் தீத்தடுப்புக் கதவு என்று சொல்ல முடியாது. நிலை, கீல், பூட்டு, சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை என எல்லாம் சேர்ந்த கதவை உலையில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

அப்புறம், தீத்தடுப்புக் கதவு திறந்தே நிற்கக் கல் முட்டுக் கொடுத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மூடியிருக்கும் கதவுக்குத்தான் அந்த நிமிடக் கணக்கு.