குடும்பத்தோடு குகை பார்க்கப் போகிறீர்களா? படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

சுற்றுலாக் குகைகள் பலவற்றில் முதலில் இறக்கம், கடைசியில் ஏற்றம். துள்ளிக்கொண்டு இறங்கிய குழந்தை ஒரு மணி நேரம் கழித்து ஈரப் படியில் நின்றுகொண்டு "தூக்கு" என்று அழும். முட்டி வலிக்காரருக்கும் சோதனை அங்கேதான். அதனால் டிக்கெட் எடுக்குமுன் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, எத்தனை படி என்று கேளுங்கள். அவற்றில் ஏற வேண்டியவை எத்தனை, நடுவில் உட்கார இடம் உண்டா, முடியாவிட்டால் பாதியில் திரும்பலாமா, வந்த வழியே வெளியேறுவதா வேறு வாசலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையில் இயற்கை வாசல் வழியே போனால் சுமார் 2 கி.மீ. நடையில் 230 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். அதே குகைக்கு லிஃப்டும் இருக்கிறது. ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னாவில் உள்ளே ரயிலே ஓடுகிறது. பெரியவர்களோடு போகிறவர்கள் இந்த வசதிகளை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

தள்ளுவண்டியைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையில் சுமப்பதுதான் பாதுகாப்பு. முதுகில் மாட்டும் சட்டம் வைத்த இருக்கை வேண்டாம். அதில் குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும். நீங்கள் குனிந்து தப்பித்த பாறையில் அது போய் இடிக்கும். முதுகுப்பையையும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகலான இடத்தில் திரும்பும்போது பை உரசித்தான் மெல்லிய கல்விழுதுகள் ஒடிகின்றன.

குகை என்றாலே குளிரும் என்று நினைக்காதீர்கள். ஆழமான குகையின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். போஸ்தோய்னாவில் சுமார் 10 டிகிரி, அமெரிக்காவின் மாமத் குகையில் சுமார் 12 டிகிரி செல்சியஸ். கோடையில் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். வெப்ப நாட்டுக் குகையில் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், ஈரப்பதமோ 100 சதவீதத்தை நெருங்கும். வியர்வை காயாது, சீக்கிரம் களைத்துவிடும். அங்கே மெல்லிய பருத்தி உடைதான் சரி. உள்ளே போவதற்கு முன்பே நன்றாகத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

செருப்பு கூடாது. ஈரமான சுண்ணாம்புப் பாறையின் மேல் களிமண் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். தேய்ந்த அடிப்பாகம் அதில் வழுக்கிக்கொண்டு போகும். ஆழமான வரிகளுள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட மூடிய ஷூ போடுங்கள். இறங்கும்போது ஒரு கை கம்பியில், இன்னொரு கை குழந்தையிடம். செல்போன் பையிலேயே இருக்கட்டும். படம் எடுக்க வேண்டுமானால் நின்று எடுங்கள்.

அன்றைய முதல் குழுவில் இடம் கிடைத்தால் அதையே பிடியுங்கள். கூட்டம் குறைவு, வழிகாட்டி சொல்வது காதில் விழும். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். உள்ளே கழிப்பறை இருப்பது அபூர்வம், எனவே "இப்போ வரலை" என்று சொல்லும் பிள்ளையையும் ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். சாப்பாட்டை வெளியிலேயே முடியுங்கள்: சிந்தும் துணுக்கில் பூஞ்சை வளரும், எலி வரும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி அணிபவர்கள் நிழலில் சில நிமிடம் நின்று, அது வெளுத்த பிறகு இறங்குங்கள். கறுத்த கண்ணாடியோடு முதல் படியில் கால் வைப்பது ஆபத்து.

கேமரா லென்ஸில் ஆவி படிவது பலரையும் குழப்பும். காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் ஆவி படியும். வெப்பமான குகைக்கு ஏசி காரிலிருந்து நேராகப் போனால் உள்ளே நுழைந்ததும் படியும். குளிர்ந்த குகையிலிருந்து வெயிலுக்கு வந்தால் வெளியே வந்ததும் படியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மூடிய பையிலேயே 15, 20 நிமிடம் விட்டுவிடுங்கள்.

உள்ளே பிள்ளைகளோடு ஒருவர் வழிகாட்டிக்கு அடுத்து நடக்கட்டும், இன்னொரு பெரியவர் குடும்பத்தின் கடைசியில் வரட்டும். பல குகைகளில் ஓரிடத்தில் விளக்கை முழுவதுமாக அணைத்துக் காட்டுவார்கள். கண் முன்னே கையை நீட்டினாலும் தெரியாது. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி, அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுக்கில் மூச்சு முட்டுகிறவர்கள், ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ளவர்கள் வாசலிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் சொன்னால் குழுவே நிற்க வேண்டியிருக்கும். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஆளுக்கொரு சிறிய டார்ச் இருந்தால் பதற்றம் இராது.

இவ்வளவும் முன்கூட்டியே முடிந்துவிட்டால், உள்ளே பார்ப்பது மட்டும்தான் வேலை. ஒரே ஒரு நீர்த்துளியைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு கூரைக்கு வருகிறது. அங்கே தொங்கும் துளியிலிருந்து வாயு வெளியேறும்போது, விளிம்பில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் மெல்லிய வளையமாகப் படிகிறது. துளி விழுகிறது, அடுத்தது வருகிறது, வளையத்தின் மேல் வளையம். இப்படியே உறிஞ்சுகுழல் போல, சுமார் 5 மி.மீ. தடிமனில் ஒரு குழாய் கீழ்நோக்கி நீள்கிறது. நடு ஓட்டை அடைத்துக்கொண்டால் நீர் வெளிப்புறமாக வழிந்து, விழுது பருக்கிறது. பல குகைகளில் வளர்ச்சி ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவுதான். அந்தக் கணக்கில் ஒரு விரல் நீளத்துக்கு எழுநூறு ஆண்டுகள்.

இதைக் கேட்ட பிள்ளை கல்லைத் தொடுமுன் யோசிக்கும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் நீர் சீராகப் பரவாது, கால்சைட் சரியாகப் படியாது, அழுக்கு சேர்ந்து கறுத்துவிடும். பலரும் தொட்ட விழுதைப் பார்த்தாலே தெரியும்: கைக்கு எட்டும் உயரம்வரை பழுப்பு, மேலே வெள்ளை. மூச்சுக்கூடப் பாதிக்கும். ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை 1948இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளர் கூட்டத்தின் மூச்சும் ஈரமும் ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள்.

வௌவால் தூங்கும் இடத்தில் டார்ச் அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். குளிர்கால உறக்கத்தில் எழுப்பப்பட்டால் சேர்த்துவைத்த கொழுப்பு வீணாகி, வசந்தம் வருமுன் அது செத்துப்போகலாம். அதன் எச்சம் கிடக்கும் தரையைக் கிளறவும் விடாதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்.

வெளியே வந்ததும் சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெள்ளை மூக்கு நோயின் பூஞ்சை, ஆடையிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு குகைக்குக் குகை போகக்கூடியது. மாமத் குகையில் வெளியேறுகிறவர்களைக் கிருமிநாசினி விரிப்பின் மேல் நடக்கச் சொல்வது இதனால்தான். அடுத்து இன்னொரு குகைக்குப் போவதாக இருந்தால், இன்று போட்ட ஆடையையும் ஷூவையும் அங்கே போடாதீர்கள்.